முதலில் அளவு நாடா, பிறகு பணப்பை

சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூரு செல்லும் சாலையில் அமைந்துள்ள பங்காருபாளையம், மாங்காய்க்குப் பெயர் பெற்ற ஊர். கிளிமூக்கு மாங்காய் என்று நாம் அழைக்கும் தோதாபுரி ரகம், ஜூன், ஜூலை மாதங்களில் இச்சுற்று வட்டாரத் தோப்புகளிலிருந்து மண்டிக்கும் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்கும் வந்து சேர்கிறது. விளைச்சலும் விலையும் ஒருசேரக் கைகொடுக்கும் ஆண்டில், பல காலமாகத் தள்ளிப்போட்ட செலவுகள் நிறைவேறும். வீட்டுக்குப் பூச்சு வேலை முடியும். கட்டில், பீரோ, சோபா வாங்கும் பேச்சும் எழும்.

இத்தகைய பொருள்களை ஒரு குடும்பம் அடிக்கடி வாங்குவதில்லை. கட்டிலும் பீரோவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வீட்டில் இருப்பவை. அப்படியிருந்தும், ஒரு புடவை எடுப்பதற்குச் செலவிடும் நேரத்தைக்கூடப் பலர் இவற்றின் அளவைப் பார்ப்பதற்குச் செலவிடுவதில்லை. கடையில் மரத்தைத் தட்டிப் பார்க்கிறோம். மெருகைத் தடவிப் பார்க்கிறோம். விலையைக் குறைத்துக் கேட்கிறோம். பொருள் வண்டியிலிருந்து இறங்கி, வாசல் நிலையில் முட்டி நிற்கும்போதுதான் அளவு நினைவுக்கு வருகிறது. பணம் கொடுத்த பிறகு அளப்பதற்கும் கொடுப்பதற்கு முன் அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

சிறிய வீடும் பெரிய கட்டிலும்

இன்று கிராமங்களில் எழும் புதிய வீடுகளில் பல அளவில் சிறியவை. பிரதம மந்திரி கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு, சமைக்கும் இடத்தையும் சேர்த்து, 25 சதுர மீட்டர். அதாவது சுமார் 269 சதுர அடி. ஆந்திரப் பிரதேச அரசு 2020 டிசம்பரில் தொடங்கிய வீட்டுமனைத் திட்டத்தில் கிராமப்புறக் குடும்பங்களுக்கு ஒன்றரை சென்ட் மனை வழங்கப்பட்டது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், ஒன்றரை சென்ட் என்பது சுமார் 653 சதுர அடி. இவ்வளவு இடத்தில் எழும் வீட்டில் ஒவ்வோர் அங்குலமும் கணக்கில் வரும்.

கடைகளிலோ பொருள்கள் பெரிதாகிக்கொண்டே வருகின்றன. இருவர் படுக்கும் மெத்தைகளில் பரவலாக விற்பவை இரண்டு அளவுகள்: 78 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் உடையது ஒன்று, 78 அங்குல நீளமும் 72 அங்குல அகலமும் உடையது மற்றொன்று. விலையில் வேறுபாடு சிறிது என்று எண்ணிப் பலர் பெரியதையே தேர்ந்தெடுக்கின்றனர். அந்த ஓரடி அகலம் அறைக்குள் என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

படுக்கையறை 10 அடி நீளம், 9 அடி அகலம் என்று கொள்வோம். அங்குலத்தில் 120-க்கு 108. 72 அங்குல மெத்தைக்கான கட்டில், சட்டங்களையும் சேர்த்து 75 அங்குல அகலமும், தலைப்பலகையோடு 82 அங்குல நீளமும் வரும் என்று வைத்துக்கொள்வோம். கால்மாட்டில் மிஞ்சுவது 38 அங்குலம். அங்கே 20 அங்குல ஆழமுள்ள பீரோவை நிறுத்தினால், கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையே 18 அங்குலமே இருக்கும். மூன்றடி அகலப் பீரோவின் ஒவ்வொரு கதவும் 18 அங்குலம். கதவைத் திறந்தால் திறப்பவர் நிற்க இடமில்லை. பீரோவைக் கட்டிலின் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றினால் நிலைமை இன்னும் மோசம்: 108-இல் 75 போக 33, அதில் பீரோவின் 20 போக 13 அங்குலம். கதவே முழுமையாகத் திறக்காது.

அதே அறையில் 60 அங்குல மெத்தைக்கான கட்டிலைப் போட்டால், அதன் அகலம் 63 அங்குலம். பக்கவாட்டில் 45 அங்குலம் மிஞ்சும். பீரோ போக 25 அங்குலம் இருக்கும். கதவு திறக்கும், துணி எடுக்கலாம், இரவில் எழுந்து நடக்கலாம். பெரிய கட்டிலால் பீரோ பயனற்றுப் போகிறது. சிறிய கட்டிலோ இரண்டையும் பயனுள்ளதாக்குகிறது. இந்த முடிவைக் கடையில் நின்று எடுக்க இயலாது. அறையின் அளவு எழுதிய தாள் கையில் இருந்தால் மட்டுமே இயலும்.

ஆகவே, பொருள் அடைக்கும் இடத்தை மட்டும் அளப்பது போதாது. அது இயங்குவதற்குத் தேவையான இடத்தையும் அளக்க வேண்டும். பீரோவுக்குக் கதவு திறக்கும் இடம், சாப்பாட்டு மேசைக்கு நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கும் இடம், அறைக் கதவு உள்நோக்கிச் சுழலும் இடம் ஆகியவை எல்லாம் பொருளின் அளவோடு சேர்ந்தவையே. ஒருவர் இயல்பாக நடக்க 24 முதல் 30 அங்குல வழி விடுவது நல்லது. வீட்டில் சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் இருந்தால் 90 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்றடி வழி வேண்டும். முதியோர் உள்ள வீடுகளில் இதை இன்றே எண்ணிப் பார்ப்பது பின்னாளில் ஒரு செலவைத் தவிர்க்கும்.

வழியையும் அளக்க வேண்டும்

அறையில் இடம் இருந்தும் பொருள் உள்ளே வர மறுப்பது உண்டு. மூன்றடி வாசல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் நிலையின் வெளி அளவு. இருபுறமும் நிலைச்சட்டம் இரண்டரை அங்குலம் வீதம் எடுத்துக்கொண்டால் எஞ்சுவது 31 அங்குலம். கதவு செங்கோணத்தில் திறந்து நிற்கையில் அதன் தடிமன் மேலும் ஒன்றரை அங்குலத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்றடி வாசல் உண்மையில் 29½ அங்குல வாசலாகிவிடுகிறது.

சோபாவின் ஆழம் 34 அங்குலம், உயரம் 34 அங்குலம் என்றால், அதை எப்பக்கம் புரட்டினாலும் இந்த வாசலில் நேராக நுழைக்க முடியாது. ஆழம், உயரம் ஆகிய இரண்டில் எது சிறியதோ அது வாசலின் உள்ளளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே எளிய விதி. அப்படி இல்லையேல், கால்களைக் கழற்ற முடியுமா, கைப்பிடி தனியாக வருமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கதவைக் கீலிலிருந்து கழற்றினால் ஒன்றரை அங்குலம் திரும்பக் கிடைக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வாசலைவிடக் கடினமானது திருப்பம். வீட்டினுள் ஒரு நடைவழி செங்கோணமாகத் திரும்பும் இடத்தில் நீளமான பொருள் மாட்டிக்கொள்ளும். இதைக் கணித அறிஞர்களும் விட்டுவைக்கவில்லை. ஒரே அகலமுள்ள இரு நடைவழிகள் செங்கோணத்தில் சந்திக்கும் மூலையில், தூக்காமல் தரையிலேயே நகர்த்தித் திருப்பக்கூடிய மிகப் பெரிய சோபா எது என்ற கேள்வியை லியோ மோசர் 1966-இல் எழுப்பினார். 1992-இல் ஜோசப் கெர்வர் பழைய தொலைபேசிக் கைப்பிடியைப் போன்ற ஒரு வடிவத்தை முன்வைத்தார். வழியின் அகலம் ஓர் அலகு எனில், அவ்வடிவத்தின் பரப்பு சுமார் 2.2195 சதுர அலகு. அதைவிடப் பெரியது இயலாது என்று நிறுவும் ஆய்வுரையைத் தென்கொரியக் கணிதவியலாளர் ஜினியோன் பெக் 2024-இல் வெளியிட்டார்.

நமக்குத் தேவைப்படுவது அவ்வளவு நுட்பமான கணக்கு அன்று. பீரோ, அலமாரி போன்ற செவ்வகப் பொருள்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. நடைவழியின் அகலத்தை 2.83-ஆல் பெருக்கி, அதிலிருந்து பொருளின் தடிமனைப்போல் இருமடங்கைக் கழித்தால் வருவதே, அந்த மூலையில் திரும்பக்கூடிய மிகுதியான நீளம். வழி 36 அங்குலம், பீரோவின் தடிமன் 20 அங்குலம் எனில் விடை சுமார் 62 அங்குலம். 78 அங்குலப் பீரோவைப் படுக்க வைத்துக்கொண்டு அங்கே திரும்ப இயலாது என்று இதனால் அறிகிறோம். நிமிர்த்திக் கொண்டுபோனால் திரும்பும். ஆனால் அதற்குத் தலைக்கு மேல் இடம் வேண்டும். எடை தாங்க ஆட்களும் வேண்டும்.

படுத்திருக்கும் பொருளைத் தூக்கி நிறுத்தும்போது அதன் மூலை, பொருளின் உயரத்தையும் தாண்டி மேலே எழும். 78 அங்குல உயரமும் 20 அங்குல ஆழமும் உள்ள பீரோ நிமிரும்போது சுமார் 80½ அங்குலம் வரை எழுகிறது. 84 அங்குல உயரமும் 24 அங்குல ஆழமும் உள்ள அலமாரிக்கு 87 அங்குலத்துக்கும் சற்று மேல் தேவை. கூரை தாழ்ந்த இடத்தில் 86 அங்குலமே இருந்தால், அலமாரி நிற்க இடம் உண்டு. ஆனால் நிமிர இடம் இல்லை. கூரை உயர்ந்த இடத்தில் நிமிர்த்தி, பிறகு தள்ளிக்கொண்டு போகலாம். அதற்கு இடையில் உள்ள வாசல்கள் 84 அங்குலத்துக்கு மேல் உயரமாக இருக்க வேண்டும்.

மாடி வீட்டுக்குப் படிக்கட்டு திரும்பும் இடத்தின் அகலம், கைப்பிடிச் சுவரின் உயரம், அடுக்ககமாக இருந்தால் மின்தூக்கியின் வாயிலும் உள்ளளவும் எல்லாம் இதில் அடங்கும். சுருங்கச் சொன்னால், வண்டி நிற்கும் தெருமுனையிலிருந்து அறையின் மூலை வரை, மிகக் குறுகலான இடம் எது என்று கண்டுபிடிப்பதே வேலை.

அளக்கும் முறை

ஐந்து மீட்டர் எஃகு நாடா ஒன்றும் துணைக்கு ஒருவரும் இருந்தால் ஒரு வீட்டை அரைமணி நேரத்தில் அளந்துவிடலாம். சுவருக்குச் சுவர் ஓரிடத்தில் மட்டும் அளப்பது போதாது. பூச்சு எங்கும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. தரை மட்டத்திலும், இடுப்பு உயரத்திலும், தலை உயரத்திலும் அளந்து, மூன்றில் சிறியதைக் கணக்கில் கொள்ள வேண்டும். தரையை ஒட்டிச் சுவரில் பதித்த ஓட்டு வரிசை அரை அங்குலம் வெளியே நீட்டியிருக்கும். அளவெடுத்துச் செய்த அலமாரி சுவரோடு ஒட்டாமல் நிற்பதற்கு அதுவே காரணமாவதுண்டு.

அறையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்ப்பது நல்லது. இரண்டும் சமமாக இல்லையெனில் அறை சதுரம் தப்பியிருக்கிறது என்று பொருள். மேஸ்திரிகள் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதும் இதற்காகவே. சுவரோடு சுவர் பொருந்தச் செய்யும் அலமாரிகளுக்கு இது இன்றியமையாதது. மின்விசைப் பலகை, பிளக் புள்ளி, சன்னல் அடிமட்டம், பரணின் அடிமட்டம் ஆகியவற்றின் உயரங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். பீரோவுக்குப் பின்னே இரண்டு அங்குலம் காற்றோட்டம் விட்டால், மழைக்காலத்தில் சுவரின் ஈரம் தகட்டையும் துணியையும் தொடாது.

எண்களைப் பார்த்து இடத்தை மனத்தில் காண்பது எல்லோருக்கும் எளிதன்று. அதற்கு நம் வீடுகளிலேயே ஒரு கருவி இருக்கிறது. கோலமாவை எடுத்து, வாங்க நினைக்கும் கட்டிலின் அளவைத் தரையில் கோடாக இழுத்துவிடலாம். பீரோவின் இடத்தையும் அதன் கதவு சுழலும் வளைவையும் வரையலாம். இரண்டு நாள் அந்தக் கோட்டை மிதிக்காமல் வீட்டில் அனைவரும் நடமாடிப் பார்க்கட்டும். எங்கே கால் இடறுகிறது, எங்கே குழந்தை சுற்றிப் போகிறது என்பது தெரிந்துவிடும். அழிப்பதற்கு ஈரத்துணி போதும். வாங்கிய கட்டிலை அவ்வாறு அழிக்க முடியாது.

ஒரே எண், இரு மொழிகள்

பங்காருபாளையம் போன்ற எல்லைப்புற ஊர்களில் வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் ஒலிப்பது இயல்பு. நாம் அடி என்பதைத் தச்சர் அடுகு என்பார். அங்குலத்தை அங்குளம் என்பார். சொல் நெருக்கமானது, பொருள் ஒன்றே. ஆனால் எழுதும்போது ஒரு பிழை நேர்வதுண்டு. ஆறடி ஐந்து அங்குலத்தைச் சிலர் 6.5 என்று எழுதுகின்றனர். அதைப் படிப்பவர் ஆறரை அடி என்று எடுத்துக்கொள்வார். முன்னது 77 அங்குலம். பின்னது 78 அங்குலம். சுவர் இடைவெளிக்குள் பொருத்தும் அலமாரியில் அந்த ஓர் அங்குலம் போதும், முழு வேலையும் வீணாக. எனவே அடியையும் அங்குலத்தையும் கலந்து எழுதாமல், முழுவதையும் அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ எழுதுவதே பாதுகாப்பு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஓர் அடி 304.8 மில்லிமீட்டர். நாடாவின் இரு விளிம்புகளிலும் இரண்டு அளவுகளும் அச்சிடப்பட்டிருப்பதால் சரிபார்ப்பதும் எளிது.

அளவு எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் பழமையானது. சோழர் காலக் கல்வெட்டுகள் நிலம் அளக்கப் பதினாறு சாண் கோலைக் குறிப்பிடுகின்றன. அளவுகோல்களின் நீளத்தைக் கோயில் கற்களில் வெட்டி வைத்த வழக்கமும் இருந்தது. ஐயம் எழுந்தால் யாரும் சென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்று அந்தக் கல்லின் இடத்தில் சட்டம் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை நாடெங்கும் வந்தது; 2011 ஏப்ரல் முதல் 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கல்லில் வெட்டிய கோட்டுக்கு ஈடாக நாம் செய்ய வேண்டியது, அளவைத் தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்புவது.

சீர் அனுப்பும் முன்

அளவு பாராமல் வாங்குவது மிகுதியாக நிகழும் இடம் திருமணம். தமிழில் சீர் என்றும் தெலுங்கில் சாரே என்றும் வழங்கும் மரபில், பெண் வீட்டார் தாமே விரும்பிக் கட்டில், பீரோ முதலியவற்றை அனுப்புகின்றனர். கேட்டுப் பெறுவது 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதை இங்கே நினைவூட்டுவது நம் கடமை. மனமுவந்து அளிக்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. வாங்குபவர் ஒரு வீட்டில் இருக்கிறார்; பொருள் போய்ச் சேர்வதோ இன்னொரு வீட்டுக்கு. அந்த அறையை அவர்கள் அளந்ததில்லை. அளவு கேட்டால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் வேறு.

அந்தத் தயக்கத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. ஊரார் பார்க்க இறங்கிய கட்டில் திண்ணையிலேயே நிற்கும். பெற்றோர் கடன் பட்டு வாங்கிய பொருள் புது வீட்டில் இடைஞ்சலாகிவிடும். அதைப் பற்றிய முணுமுணுப்பு மணமகளின் காதில்தான் விழும். "சம்பந்தி, அறை எத்தனை அடி என்று சொன்னால் அதற்கேற்பப் பார்க்கிறோம்" என்று முன்கூட்டிக் கேட்பதில் குறைவு ஏதுமில்லை. அதைவிடச் சிறந்த வழி, தேர்வை மணமக்களிடமே விட்டு, அதற்குரிய தொகையைப் பெண்ணின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் செலுத்திவிடுவது. அவர்கள் குடியிருக்கப்போகும் வீடு பங்காருபாளையத்தில் இருந்தாலும் பெங்களூருவில் இருந்தாலும், அறையைப் பார்த்தபின் அவர்களே வாங்கிக்கொள்வார்கள்.

தவணை காத்திருக்காது

வீட்டுச் சாமான்களைத் தவணையில் வாங்குவோர் இன்று பலர். எடுத்துக்காட்டாக, 60,000 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 24 மாதத் தவணையில் கடனாகப் பெற்றால், மாதத் தவணை சுமார் 2,824 ரூபாய். மொத்தம் செலுத்துவது சுமார் 67,786 ரூபாய். சோபா கூடத்தில் இருக்கிறதா, உறவினர் வீட்டில் ஒதுக்குப்புறமாக நிற்கிறதா என்று தவணை பார்ப்பதில்லை. கடன் பெறுமுன் வருமானத்தை அளந்து பார்ப்பதைப் போலவே, வீட்டையும் அளந்து பார்ப்பது கடன் ஒழுக்கத்தின் ஒரு பகுதி என்றே கருதலாம்.

நன்றாகச் செய்யப்பட்ட ஒரு பொருள் நம் வாசலுக்குப் பெரிதாக இருப்பது அப்பொருளின் குறைபாடு ஆகாது. அதனால் கடைக்காரர் திரும்பப் பெறக் கடமைப்பட்டவர் என்று சொல்ல இயலாது. ஆனால் சொன்ன அளவு ஒன்று, வந்த அளவு வேறு எனில் நிலைமை மாறுகிறது. அப்போது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைநிற்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். அதற்குச் சான்று தேவை. நீளம், அகலம், உயரம் மூன்றும், மரத்தின் வகையும், ஒப்படைக்கும் நாளும் முன்பணச் சீட்டில் எழுதப்பட்டிருக்கட்டும். ஊர்த் தச்சரிடம் சொல்லிச் செய்வித்தாலும் இரு தாள்களில் எழுதி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளலாம். அது அவர்மீது நம்பிக்கையின்மை அன்று. அவருக்கும் அதுவே பாதுகாப்பு.

அடுக்ககத்தில் வீடு வாங்குவோர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் காணும் பரப்பில் படிக்கட்டு, பொது நடைவழி முதலியவற்றின் பங்கும் சேர்ந்திருக்கக்கூடும். 2016-ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் வரையறுக்கும் தரைவிரிப்புப் பரப்பில் வெளிச்சுவர், பால்கனி, தாழ்வாரம், திறந்த மாடி ஆகியவை சேரா, உட்சுவர்கள் சேரும். கட்டிலும் பீரோவும் நிற்கப்போவது அந்தப் பரப்பில்தான். எனவே அறைவாரியான உள்ளளவைக் கேட்டுப் பெறுவது, வீட்டுக்கும் வீட்டுச் சாமானுக்கும் ஒருங்கே பயன் தரும்.

அடுத்த பருவத்தில் பணம் கைக்கு வரும்போது கடைவீதிக்குப் போகத்தான் போகிறோம். அதற்கு முன்னரே, வேலை ஓய்ந்த ஒரு மாலையில் வீட்டின் அளவுகளை எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துவிடலாம்: அறைகளின் நீள அகலம், ஒவ்வொரு வாசலின் உள்ளளவு, நடைவழியின் அகலம், கூரையின் உயரம். அந்தத் தாளை வங்கிக் கணக்குப் புத்தகத்தின் உறைக்குள்ளேயே வைத்துக்கொள்வது வசதி. பணம் எடுக்கும் நாளில் அளவும் கூடவே கைக்கு வரும்.